தறி செய்தவர் செய்த கார்

வாளையாறு முதல் குமுளி வரை ஓடும் சுசுகி வண்டிகளின் கதை

பொழுது இன்னும் புலரவில்லை. கம்பத்திலிருந்து குமுளிக்கும் கம்பம் மெட்டுக்கும், போடியிலிருந்து போடிமெட்டுக்கும் ஜீப்புகள் வரிசையாக மலை ஏறுகின்றன. உள்ளே ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள். மடியில் தூக்குச்சட்டி. தலையில் சுற்றிய துண்டு. ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, மீண்டும் நிமிர்கிறார்கள்.

அந்த ஜீப்புகளுக்கு நடுவே மூச்சு வாங்கியபடி ஒரு சின்ன வெள்ளை வேன் ஏறுகிறது. தள்ளித் திறக்கும் பக்கக் கதவு. ஓட்டுகிறவர் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையாக இருக்கலாம்; மளிகைச் சாமான் ஏற்றிச் செல்லும் கடைக்காரராக இருக்கலாம். வண்டியின் பெயர் ஆம்னி.

இதே நேரத்தில் வடக்கே பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு பழைய மாருதி 800 கார் கிளம்புகிறது. அதன் முகம் கோவையை நோக்கி இருக்கிறது. ஆபீஸ் வேலைக்குப் போகிறவர் ஒருவர். வழியில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட வேண்டும்.

வேனும் காரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அந்த வீடு ஜப்பானில் இருக்கிறது. அது முதலில் கார் செய்த வீடும் அல்ல. நெசவுத்தறி செய்த வீடு!

தச்சுப் பட்டறையில் பிறந்தது

ஜப்பானில் ஹமாமட்சு என்று ஓர் ஊர். பருத்தி நெசவுக்குப் பேர்போன வட்டாரம். தச்சுத்தொழில் கற்ற மிச்சியோ சுசுகி என்ற இளைஞர் 1909-ம் ஆண்டு அங்கே ஒரு சிறு பட்டறை போட்டார். அவர் செய்தது தறி. கைக்கு வேலை குறையவேண்டும், துணி வேகமாக வரவேண்டும் என்பதே அவருடைய நோக்கம். தறி நன்றாக விற்றது. 1920-ல் பட்டறை ஒரு கம்பெனியாக மாறியது.

தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த கோவை மாவட்டத்தாருக்கும் ஆண்டிபட்டிப் பக்கத்தாருக்கும் அடுத்து நடந்தது எளிதில் விளங்கும். நல்ல தறி சீக்கிரம் பழுதாகாது. ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வாங்கப் பல வருடம் ஆகும். தறியை மட்டும் நம்பினால் பட்டறை நிலைக்காது என்று மிச்சியோ கணக்குப் போட்டார். 1937-லேயே சின்னக் கார் செய்து பார்க்கும் முயற்சி தொடங்கியது. யுத்தம் வந்து அதை நிறுத்திவிட்டது.

யுத்தம் முடிந்தது. சில ஆண்டுகளில் பருத்தி வியாபாரம் சரிந்தது. தறி வாங்க ஆள் இல்லை. அப்போது கைகொடுத்தது சைக்கிள். 1952-ல் சைக்கிளில் மாட்டி ஓட்டக்கூடிய 36 சி.சி. என்ஜினை சுசுகி விற்கத் தொடங்கியது. எதிர்காற்றில் மிதித்துக் களைத்த சாதாரண மனிதனுக்கு அது பெரும் உதவி. 1954-ல் கம்பெனியின் பெயரிலிருந்து 'தறி' போய் 'மோட்டார்' வந்தது. இன்னொரு ஜப்பான் கம்பெனியான டொயோட்டாவும் தறி செய்த குடும்பத்திலிருந்தே வந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

மலைப்பாதையில் நடந்த பரீட்சை

தான் செய்த முதல் காரை சுசுகி ஒரு மலைப்பாதையில்தான் சோதித்தது. ஹமாமட்சுவிலிருந்து டோக்கியோ சுமார் 250 கிலோ மீட்டர். இடையே ஹக்கோனே மலை. அன்று அங்கே நல்ல சாலை கிடையாது. 1954-ல் பரீட்சைக்காகச் செய்த வண்டிகளை அந்த மலை வழியாக ஓட்டிக்கொண்டு போனார்கள். நேரம் கடந்து, இரவில்தான் டோக்கியோ போய்ச் சேர்ந்தார்கள். அங்கே காத்திருந்த பெரிய கார் வியாபாரி ஓட்டிப் பார்த்துவிட்டு, 'நன்றாக இருக்கிறது' என்று ஒப்புதல் கொடுத்தார். மறு வருடம், 1955-ல், 'சுசுலைட்' விற்பனைக்கு வந்தது.

அதன் என்ஜின் 360 சி.சி. தான். இன்று ஓடும் சில மோட்டார் சைக்கிள்களின் அளவு! காரணம் ஜப்பான் அரசின் விதி. சிறிய என்ஜின், குறுகிய உடல் என்று வரம்பு வைத்து, அதற்குள் அடங்கும் கார்களுக்கு வரிச்சலுகை தந்தார்கள். ஜப்பானில் தெருக்கள் குறுகல், மலைகள் அதிகம், அன்றைய ஜனங்களிடம் பணம் குறைவு. இந்த வரம்புக்குள் காரியத்தை முடிக்கவேண்டும் என்பதால் சுசுகிக்காரர்கள் ஒவ்வொரு கிலோ எடையையும் எண்ணி எண்ணிக் குறைத்தார்கள். பாரம் குறைந்தால் சின்ன என்ஜின் போதும். சின்ன என்ஜின் என்றால் பெட்ரோல் மிச்சம்.

இந்த ஒரு கணக்குதான் சுசுகியின் பலம். அந்தக் கணக்கை மறந்து ஓட்டுகிறவருக்கு அதுவே ஆபத்து. எல்லைப்புறத் தமிழர்கள் இரண்டையும் அனுபவத்தில் கண்டவர்கள்.

குர்கானில் ஒரு தமிழர்

இந்தியாவில் சிறு கார் செய்ய 1971-ல் சஞ்சய் காந்தி தொடங்கிய மாருதி கம்பெனி கார் எதையும் சந்தைக்குக் கொண்டுவராமலே முடங்கியது. அவர் 1980-ல் விமான விபத்தில் இறந்தபின் அரசு அதை எடுத்துக்கொண்டது. 1981-ல் மாருதி உத்யோக் பிறந்தது. கூட்டாளியாக ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தேவைப்பட்டது. தேடலை முன்நின்று நடத்தியவர்களில் முக்கியமானவர் தஞ்சை மாவட்டம் கருவேலியில் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி. திருச்சி பெல் தொழிற்சாலையைக் கட்டி வளர்த்தவர் அவரே.

பெரிய கம்பெனிகள் தயங்கின. சுசுகியின் தலைவர் ஒசாமு சுசுகி துணிந்தார். 1982 அக்டோபர் 2-ம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. சுசுகிக்கு 26 சதவீதப் பங்கு. முன்பணம் 10,000 ரூபாய் கட்டி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். 1983 டிசம்பர் 14-ம் தேதி பிரதமர் இந்திரா காந்தி, குலுக்கலில் தேர்வான டெல்லிவாசி ஹர்பால் சிங்கிடம் முதல் மாருதி 800 காரின் சாவியைக் கொடுத்தார். விலை ரூ.47,500.

அம்பாசடரும் பியட்டும்தான் கார் என்றிருந்த காலம். கதவைச் சாத்தினால் தகரச்சத்தம் கேட்கும் இந்தக் காரைப் பலர் கேலி செய்தார்கள். ஆனால் சாவியைத் திருப்பியதும் கிளம்பியது, நடுவழியில் நிற்கவில்லை. கேலி அடங்கியது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றபோது இந்தியாவில் விற்றிருந்த 800 கார்கள் 25 லட்சத்துக்கும் அதிகம். 2007-ல் மத்திய அரசு தன் பங்கு முழுவதையும் விற்று விலகியது. அவ்வருடம் கம்பெனியின் பெயர் 'மாருதி சுசுகி' ஆனது.

சமவெளியில் ராஜா

இப்போது எல்லைக்கு வருவோம்.

மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த வாசல் பாலக்காட்டுக் கணவாய். வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று வழி எத்தனை இருந்தாலும் பெரிய ஏற்றம் எதிலும் இல்லை. சித்தூர் தாலுகாவில் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். வேலை, வைத்தியம், சம்பந்தம், சந்தை எல்லாம் கோவையோடும் பொள்ளாச்சியோடும் பின்னிக் கிடக்கின்றன.

இங்கே மாருதி 800 வைத்திருந்தவர்களைக் கேட்டால் குறை சொல்பவர் அரிது. பழுதானால் எந்தப் பட்டறைக்காரரும் திறந்து பார்க்கத் தயங்குவதில்லை. சாமான் எங்கும் கிடைக்கிறது. தாயும் பிள்ளையும் மழையில் நனையாமல் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். 'பஸ்ஸுக்கு நின்ற கால்வலியை மறக்கவைத்தது' என்பார்கள். குமாஸ்தா சம்பளத்தில் கார் என்ற நினைப்பே இல்லாதிருந்த வீடுகளில், இரண்டாம் கையாக வாங்கிய 800 முற்றத்தில் வந்து நின்றது சாதாரணக் காரியம் அல்ல.

குறை என்று சொன்னால், கணவாய்க் காற்று. லாரி முந்திப் போகும்போது வண்டி ஒரு பக்கம் தள்ளப்படும். எடை குறைந்த வண்டியின் சுபாவம் அது. வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடிப்பதே மருந்து.

மலையில் மாணவன்

அதே கார் இடுக்கி மலைக்குப் போனால் கதை வேறு.

மூணாறு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் காற்று மெலிந்துவிடும். என்ஜினுக்குப் பெட்ரோலோடு காற்றும் வேண்டும். காற்றுக் குறைந்தால் பலமும் குறையும். 1,500 மீட்டரில் என்ஜின் இழக்கும் பலம் நூற்றுக்கு 15 அளவு. 800 காரின் முழுப் பலமே 40 குதிரைசக்திக்குக் குறைவு. அதிலும் ஆறில் ஒரு பங்கு போனால் மிச்சம் என்ன இருக்கும்?

இன்னொரு சங்கதி. 800 காரில் முன்சக்கரங்கள்தான் வண்டியை இழுக்கின்றன. செங்குத்தான ஏற்றத்தில், பின்சீட்டு நிறைய ஆட்களோடு ஏறினால் பாரம் பின்னால் சரியும். முன்சக்கரத்தின் பிடி தளரும். ஈரமண்ணில் சக்கரம் சுழலுமே தவிர வண்டி நகராது. மேடு ஏறாத வண்டியைத் திருப்பி, ரிவர்ஸ் கியரில் ஏற்றிவிடும் பழைய டிரைவர்களின் தந்திரத்துக்குக் காரணம் இதுதான். அப்போது இழுக்கும் சக்கரம் சரிவின் கீழ்ப்பக்கத்தில் இருக்கும், பாரம் அதன்மேல் இறங்கும், பிடிப்பு கிடைக்கும்.

ஆம்னி வேன் இதற்கு நேர்மாறு. 1984-ல் 'மாருதி வேன்' என்ற பெயரில் வந்தது. 800 காரில் உள்ள அதே 796 சி.சி. என்ஜின்தான். ஆனால் அது முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது, பின்சக்கரங்கள் தள்ளுகின்றன. பின்னால் பாரம் இருந்தால் பிடிப்பு கூடும். ஏலக்காய் மூட்டையும் மிளகு மூட்டையும் ஏற்றும் மலைக்காரர்களுக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை. மளிகைக்கடை, பால் சப்ளை, கல்யாணப் பந்தல் சாமான், ஆம்புலன்ஸ் என்று வேன் செய்யாத வேலை இல்லை.

சொந்தக்காரர்கள் சொல்லும் குறைகளும் உண்டு. நீண்ட ஏற்றத்தில் சீட்டுக்கடியில் அடுப்பு எரிவதுபோல் சூடு. குளிர்ந்த மலையில் அது சுகம் என்று சிரிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சிரிக்க முடியாத குறை ஒன்று இருக்கிறது. டிரைவரின் முழங்காலுக்கு முன்னால் மெல்லிய தகடு மட்டுமே. எதிரே வருவது மோதினால் தாங்கிக்கொள்ள நீண்ட மூக்கு இல்லை.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியக் கார்களை மோதவிட்டுச் சோதித்தது. மாருதி ஆல்ட்டோ 800 உட்பட அன்று சோதித்த ஐந்து சிறு கார்களின் காற்றுப்பை இல்லாத மாடல்கள், பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் வாங்கவில்லை. 2019-ல் மத்திய அரசு புதிய பாதுகாப்பு விதிகளைக் கட்டாயமாக்கியது. டிரைவருக்குக் காற்றுப்பை, பூட்டாமல் பிடிக்கும் பிரேக், மோதல் சோதனை என்று விதிகள் வந்தன. ஆம்னியின் பழைய உடல் அவற்றுக்கு ஈடுகொடுக்கவில்லை. 35 வருடம் ஓடிய ஆம்னியின் உற்பத்தி அந்த வருடமே நின்றது. 2010-ல் வந்த ஈக்கோ இன்று அதன் இடத்தில் இருக்கிறது.

ஜிப்சி போய் ஜிம்னி வந்தது

சுசுகியிடம் மலைக்கென்றே ஒரு வண்டி உண்டு. 1970-ல் ஜப்பானில் வந்த ஜிம்னி அது. 360 சி.சி. வரம்புக்குள் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி! அதன் வழிவந்த ஜிப்சி 1985 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தது. ராணுவமும் போலீசும் வனத்துறையும் அதை விரும்பி வாங்கின. ஜீப்பைவிட எடை குறைவு, சேற்றில் புதையாது.

ஆனால் ஏலமலைப் பாதைகளில் ஜிப்சி ஜீப்பை விரட்ட முடியவில்லை. ஜிப்சி பெட்ரோல் குடிக்கும், ஜீப்போ டீசல். பின்சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இடுப்பு நோகும். மூட்டை ஏற்ற ஜீப்பே வசதி. தினக்கூலிக்காரர்களை ஏற்றிச்சென்று பிழைக்கும் டிரைவருக்கு எரிபொருள் செலவுதான் முதல் கணக்கு. ஆகவே குமுளியிலும் நெடுங்கண்டத்திலும் மகிந்திரா ஜீப்பின் ஆட்சியே தொடர்ந்தது. ஜிப்சியும் 2019-ல் பொதுச்சந்தையை விட்டுப் போனது.

2023 ஜூனில் ஐந்து கதவு ஜிம்னி ரூ.12.74 லட்சம் தொடக்க விலையில் இந்தியாவில் வந்தது. இங்கே செய்த அந்த வண்டியை 2025 ஜனவரியில் சுசுகி ஜப்பானில் விற்பனைக்கு அறிவித்தது. சில நாட்களில் ஏறத்தாழ 50,000 ஆர்டர்கள் குவிந்து, பதிவையே நிறுத்திவைக்க நேர்ந்தது. 1983-ல் ஜப்பான் காருக்காக இந்தியர்கள் வரிசையில் நின்றார்கள். இப்போது இந்தியாவில் செய்த காருக்காக ஜப்பானியர் வரிசையில் நிற்கிறார்கள். 2024 டிசம்பர் 25-ம் தேதி, தமது 94-வது வயதில், ஒசாமு சுசுகி காலமானார். இந்திய அரசு 2025-ல் அவருக்குப் பத்ம விபூஷண் விருதை அறிவித்தது.

"இன்னும் ரெண்டு பேருதான், அண்ணே!"

பெருமை இருக்கட்டும். மலையடிவாரத்தில் நாள்தோறும் கேட்கும் பேச்சு இது:

"அண்ணே, இன்னும் ரெண்டு பேருதான். நெருக்கி உக்காந்துக்கிறோம்."

"இடமில்லக்கா. மேட்டுல வண்டி இழுக்காது."

"ஒரு நாள் கூலி போயிரும்ணே!"

டிரைவர் ஏற்றிக்கொள்கிறார். அவரைக் கல்நெஞ்சக்காரர் என்றும் சொல்ல முடியாது. பேராசைக்காரர் என்றும் சொல்ல முடியாது. கூலி போனால் அடுப்பு எரியாது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் மலைச்சாலைக்கு இரக்கம் தெரியாது. தோட்டத் தொழிலாளர் வண்டிகள் கவிழ்ந்து உயிர்போன செய்திகளை இந்தப் பகுதி மக்கள் பலமுறை படித்துவிட்டார்கள்.

ஏறும்போது நின்றுபோகும் வண்டியைவிட, இறங்கும்போது நிற்காத வண்டிதான் எமன். பாரம் கூடக்கூட பிரேக் சூடேறும். சூடேறிய பிரேக் பிடிக்காது. ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பது மலை டிரைவர்களின் பழைய பாடம். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று என்ஜினை நிறுத்தி வண்டியை உருளவிடுவது தற்கொலைக்குச் சமம். என்ஜின் நின்றால் பிரேக்குக்குத் துணைசெய்யும் பூஸ்டரும் நின்றுவிடும். மிதித்தால் கல்லை மிதித்தமாதிரி இருக்கும்.

எட்டுப் பேருக்கு என்று எழுதிய வேனில் பதினைந்து பேர் ஏறினால், தறிக்காரர் போட்ட கணக்கு அங்கே உடைந்துபோகிறது. எடை குறைவாக இருப்பதால்தான் அந்த வண்டி ஏறுகிறது, நிற்கிறது, திரும்புகிறது. எடையை இரட்டிப்பாக்கிவிட்டு வண்டியைக் குறைசொல்லிப் பயனில்லை.

நம்பர் பலகையும் கவனிக்கவும்

கேரளத்தில் வேலை பார்க்கும் தமிழர்கள் பலர் ஊரிலிருந்து பழைய வண்டியைக் கொண்டுவருகிறார்கள். தமிழ்நாட்டு நம்பர் பலகையோடு வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். பிறகு ஒருநாள் வழியில் நிறுத்தி ஆர்.சி. புத்தகம் கேட்கும்போது விழிக்கிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது தெளிவு. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவு எண் வாங்கவேண்டும். அதற்கு முதலில் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையில்லாச் சான்று பெறவேண்டும். புதிய மாநிலத்தில் சாலை வரியும் கட்டவேண்டும்.

சொந்த உபயோகத்துக்கு என்று பதிவான வேனில் கட்டணம் வாங்கி ஆள் ஏற்றுவது பர்மிட் இல்லாத ஓட்டம். அபராதம் ஒருபுறம் இருக்க, விபத்து நேர்ந்தால் இன்சூரன்சு பணத்துக்குத் தகராறு வரும். உழைத்த குடும்பம் கோர்ட்டுப் படி ஏறவேண்டி வரும்.

மூன்றாவது, வயது. சொந்த காரின் பதிவு 15 வருடம்தான் செல்லும். பிறகு சோதனைக்குக் காட்டி, ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கவேண்டும். இன்று கைமாறும் 800 கார்கள் எல்லாமும், ஆம்னிகளில் பெரும்பாலானவையும் இந்த எல்லையைத் தாண்டிவிட்டன அல்லது நெருங்கிவிட்டன. விலை மலிவு என்று மயங்காமல், புதுப்பிக்க என்ன செலவு என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பேரம் பேசுவது புத்திசாலித்தனம். அடித்தகடு துருப்பிடித்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதும் அவசியம். இடுக்கி மழை இரும்பைத் தின்னும்.

பாவு தாங்கும் அளவு

நெசவாளி தறியில் பாவு ஏற்றும்போது நூல் தாங்கும் அளவுக்குத்தான் இழுத்துக் கட்டுவான். அதிகம் இழுத்தால் நூல் அறுந்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும். தறிப் பட்டறையிலிருந்து வந்த இந்த வண்டிகளுக்கும் அதே விதிதான்.

மாலை மயங்குகிறது. போடிமெட்டிலிருந்து வண்டிகள் இறங்கத் தொடங்கிவிட்டன. கீழே ஊர்களில் விளக்கு எரிகிறது. வீட்டு வாசலில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். வண்டி எந்த நாட்டில் பிறந்தது என்று அவர்கள் கேட்கப்போவதில்லை. அம்மா இறங்கி வந்தால் போதும்!